அவருக்கும் ஒரு இலை

திருமூர்த்தி தன் வாழ்க்கையின் பெரிய முடிவுகளையெல்லாம் கிணத்துக்கடவு பேக்கரியில்தான் எடுப்பார். வீட்டில் எடுக்க வசதிப்படாது. வீட்டில் ராசாத்தாள் இருக்கிறாள்.

அந்தச் சித்திரை மாதத்து முடிவுக்குக் காரணம் லட்சுமணசாமி. பக்கத்துத் தோட்டக்காரர். டவுசர் போட்ட காலத்திலிருந்து கூட்டாளி. தேங்காய் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"ஏப்பா மூர்த்தி, இந்தச் சுத்துவட்டாரத்துல எவனூட்டுல கெடா விருந்துன்னாலும் மொதப் பந்தியில உன்ற மூஞ்சிதான் தெரியுது. உன்ற தோட்டத்துல நாங்க என்னத்தத் தின்னுருக்கறோம்னு யோசிச்சுப் பார்த்தேன். மோருதான் ஞாபகத்துக்கு வருது. அதுலயும் ஒரு கருவேப்பலை கெடையாது."

பேக்கரியே சிரித்தது. பஃப்ஸ் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

திருமூர்த்தி மேசையைத் தட்டினார். டீ டம்ளர்கள் குதித்தன.

"சித்திரை முடியறதுக்குள்ள என்ற தோட்டத்துல கெடா விருந்து! இங்கிருக்கற அத்தனை பேரும் வரோணும். வராதவன் என்ற மூஞ்சியிலயே முழிக்கப்படாது. கெடாயி எங்கியும் தேட வேண்டியதில்லை. என்ற பட்டியிலயே நிக்குது."

நின்றது உண்மை. பட்டி அவருடையது என்பதும் உண்மை. கெடா மட்டும் ராசாத்தாளுடையது.

அது பிறந்தன்றே தாயாடு செத்துப்போனது. ராசாத்தாள் பால் பாட்டில் வாங்கி வந்து, அதன் வாயில் ரப்பரைத் திணித்து, குழந்தைபோல மடியில் போட்டு வளர்த்தாள். இப்போது அது கன்றுக்குட்டி உயரத்துக்கு நிற்கிறது. கன்னங்கரேலென்ற உடம்பு. தாடி மட்டும் வெள்ளை. பெயர் எதுவும் கிடையாது. "டேய்" என்றால் திரும்பிப் பார்க்கும். அவள் கீரைப்பாத்திக்குப் போனால் பின்னாலேயே போகும். துணி துவைத்தால் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். அவள் பேசினால் தலையை ஆட்டிக் கேட்கும். அந்த வீட்டில் அவள் பேச்சை நிறுத்தாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.

ஆகவே திருமூர்த்தி வண்டியில் வீடு திரும்பும்போதே வாதங்களைத் தயார் பண்ணிக்கொண்டார். ஆடு வளர்ப்பதே அறுக்கத்தான். ஆண்டவன் ஆட்டைப் படைத்ததே அதற்குத்தான். ஊரில் நமக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அழுதால் என்ன சொல்வது, கத்தினால் என்ன சொல்வது, பேசாமல் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டால் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

ராசாத்தாள் கத்திரிச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மயில்கள் நுழையாமல் இருக்கக் காய்கறித் தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருந்தாள். அந்தக் கலர்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"சரீங்க" என்றாள்.

திருமூர்த்திக்குத் திக்கென்றது. "சரீங்கன்னா?"

"சரீங்கன்னா சரீங்க. உங்க கூட்டாளிக. உங்க வாக்கு. அந்த டியூப்பைக் கொஞ்சம் அக்கட்டால இழுத்துப் போடுங்க, வெண்டைக்குப் பாயோணும்."

"உனக்கு வருத்தமில்லையா?"

"வருத்தப்பட்டா நிறுத்திப்போடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க வருத்தப்பட்டுட்டு? டியூப்பை இழுங்க."

டியூப்பை இழுத்துப் போட்டார். இத்தனை வருஷ இல்வாழ்க்கையில் அவர் ஜெயித்த முதல் சண்டை அது. சண்டையே நடக்காமல் ஜெயித்ததுதான் கொஞ்சம் உறுத்தியது.

மறுநாள் காலை. சூரியன் வந்ததும் வராததுமாக வேலையை ஆரம்பித்துவிட்டது. சிந்து மாடு கட்டுத்தரையில் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது. கோழிகள் வாழைமரத்தடி ஈரத்தைக் கிளறிக் குழி பறித்து உள்ளே உட்கார்ந்துகொண்டன. திருமூர்த்தி காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்தார்.

"வாங்க" என்றாள் ராசாத்தாள். "தண்ணி குடிச்சுக்கோங்க. வெயில் ஏறிப்போச்சுன்னா உங்களுக்கு ஆகாது."

திருமூர்த்தி நெகிழ்ந்துபோனார். "காப்பி குடிக்கறேன் அம்மணி. அப்புறமாக் குடிச்சுக்கறேன்."

"உங்களைச் சொல்லலீங்க."

தொட்டியில் கெடா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்கு எதுக்குப் புள்ள 'ங்க' போடற?"

ராசாத்தாள் கொஞ்சம் தயங்கினாள். "தெரியலீங்க. நேத்து வரைக்கும் டேய்ன்னுதான் கூப்பிட்டுட்டிருந்தேன். நேத்து நீங்க சொல்லிப்போட்டுப் போனதுக்கப்புறம் அவரு மொகத்தை நல்லாப் பார்த்தேன். டேய்ங்க வாய் வரமாட்டேங்குது."

"அவரா? எவரு?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். கெடாவுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள். "உடுங்க. சொன்னா நீங்க சிரிப்பீங்க" என்றுவிட்டுச் சாணிக்கூடையோடு போய்விட்டாள்.

திருமூர்த்தி சிரிக்கத்தான் நினைத்தார். அந்த நேரம் பார்த்துக் கெடா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது. வெள்ளைத் தாடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு இருமியது.

"க்க்ஹூம்."

காப்பி டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டார்.

அந்த இருமல் அவருக்குத் தெரியும். அது அவருடைய அய்யன் நாச்சிமுத்துவின் இருமல். காலமாகிச் சில வருஷம் ஆயிற்று. மனிதர் உயிரோடு இருந்தவரை மகனிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. எல்லாம் இருமல்தான். மோட்டார் ஓடுகிறது, போய் மடையைத் திருப்பு என்பதற்கு ஓர் இருமல். செகண்ட் ஷோ பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்தால் அதற்கு ஓர் இருமல். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வந்ததும் "எப்படீங்கய்யா?" என்று கேட்டதற்கும் ஓர் இருமல். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுதான் ராசாத்தாளைக் கட்டினார். அது சம்மதமா எச்சரிக்கையா என்பது இன்றுவரை தெரியவில்லை.

கடைசிக் காலத்தில் அவருக்கும் வெள்ளைத் தாடி இருந்தது.

"சேச்சே" என்று திருமூர்த்தி தலையை உதறிக்கொண்டார். "வெயிலு."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். வாதநாராயண மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கும். அய்யன் காலத்துக் கட்டில். கோடையில் அங்கே படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். போய்ப் பார்த்தால் கட்டிலில் ஆள் இருந்தது. கெடா நான்கு காலையும் மடக்கிப் படுத்து, கண்ணை மூடி, தாடையை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருந்தது. அய்யன் வெற்றிலை மெல்லுவது அப்படித்தான்.

"ராசாத்தி! இதென்ன கெரகம்? ஆடு கட்டல்ல ஏறிப் படுத்திருக்குது!"

"அய்யோ, மெதுவாப் பேசுங்க, தூங்கறாரு" என்று ஓடி வந்தாள். "பாவம், அவருக்குப் பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க உள்ள ஃபேனுக்கடியில படுங்க."

உள்ளே ஃபேன் அனலைத்தான் சுற்றிச் சுற்றி வீசியது. தூக்கம் வரவில்லை.

அடுத்த சில நாட்களில் திருமூர்த்தி ரகசியமாக ஆராய்ச்சியில் இறங்கினார். படித்த மனிதர். பொள்ளாச்சியில் பி.காம். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒரு பக்கம் இளசான அகத்திக்கீரைக் கட்டு. இன்னொரு பக்கம் வெற்றிலை. இரண்டையும் கட்டிலடியில் வைத்துவிட்டுத் தென்னைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆட்டுச்சாதியில் பிறந்த எதுவும் அகத்தியை விடாது. கெடா வந்தது. அகத்தியை மோந்துகூடப் பார்க்கவில்லை. வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்து மென்றது.

திருமூர்த்திக்கு வியர்த்தது. நிழலில் நின்றிருந்தும் வியர்த்தது. பதற்றத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். அய்யன் சாகும்வரை அவர் எதிரில் சிகரெட் பிடித்ததில்லை. கெடா திரும்பி மரத்தடியைப் பார்த்தது.

"க்க்ஹூம்."

சிகரெட் மண்ணில் புதைந்தது. அன்றோடு அந்தப் பழக்கமும் புதைந்தது. டாக்டர் சொல்லி நிற்காதது, மகள் பிரவீனா அழுது நிற்காதது, ஓர் இருமலில் நின்றது.

ராசாத்தாள் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை. அவ்வப்போது ஒரு தகவல் மட்டும் கொடுப்பாள்.

"ஏனுங்க, அவரு அந்த ஓட்டை டியூப்பையே பார்த்துட்டு நிக்கறாருங்க."

சொட்டுநீர் டியூப்பை எலி கடித்து ஒரு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று பொழுது சாயும் முன் திருமூர்த்தி உட்கார்ந்து எல்லா ஓட்டையையும் அடைத்தார்.

"ஏனுங்க, அவரு கட்டுத்தரைக்குள்ள போயி மேல அண்ணாந்து பார்க்கறாருங்க."

கட்டுத்தரையின் தகரக் கூரை வெயிலில் தோசைக்கல்லாகக் கொதித்தது. மூன்று கோடையாக ராசாத்தாள் கேட்டும் நடக்காத வேலை. திருமூர்த்தி ஏணி போட்டு ஏறினார். தென்னங்கீற்றை அடுக்கி, கயிறு இழுத்துக் கட்டினார். இறங்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் முனகினார். ஆனால் சிந்து மாடு மறுநாள் வழக்கத்துக்கு மேலே பால் கொடுத்தது.

இதற்கு நடுவில் ஒருநாள் லட்சுமணசாமி பதறியடித்துக்கொண்டு வந்தார். கையில் மாதுளம்பழமும் உப்புச்சர்க்கரைப் பொடிப் பாக்கெட்டும்.

"ஏப்பா, என்னப்பா ஆச்சு உனக்கு? படுக்க வேண்டியதுதான? வெயில்ல நின்னுட்டிருக்கற?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கறேன்."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உன்ற சம்சாரம் போன்ல பேசுனதை எங்கூட்டுச் சென்னியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கறா. அவருக்கு ரெண்டு நாளா வயித்தால போகுதுங்க, தீனியே எடுக்கமாட்டேங்கறாருங்க, வேப்பந்தழையை மட்டும் திங்கறாருங்கன்னுச்சாமா." லட்சுமணசாமி குரலைத் தாழ்த்தினார். "தழை எதுக்குப்பா திங்கற? இட்லி கிட்லி தின்னுருக்கலாமல்ல?"

"அது... போன்ல பேசுனது மாட்டு டாக்டர்கிட்ட."

"மாட்டு டாக்டர்கிட்டயா! அந்தளவுக்கு முத்திப்போச்சா?"

மாதுளம்பழத்தை வைத்துவிட்டு, விருந்தன்று வந்துவிடுவதாக இன்னொரு தடவை உறுதி சொல்லிவிட்டு அவர் போனார். திருமூர்த்திக்கு அப்போதுதான் விருந்தின் நினைவே வந்தது.

வேறொரு கெடா வாங்கிவிடலாம் என்று பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனார். நல்ல நல்ல கெடாக்கள் நின்றன. முதல் கெடாவை நெருங்கினார். சின்ன மாமன் முழிப்பதுபோலவே முழித்தது. நகர்ந்து அடுத்ததைப் பார்த்தார். அது பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். மூலையில் நின்ற செம்மறி அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஒருவர் அப்படித்தான் திருப்பிக்கொள்வார். சந்தை முழுக்கச் சொந்தக்காரர்களாக நின்றார்கள். திருமூர்த்தி ஒரு பை மாம்பழம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அன்று சாயங்காலம் ராசாத்தாள் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ராசாத்தி."

"சொல்லுங்க."

"அந்தக் கெடாயை வெட்ட வேண்டாம்."

"ஏனுங்க? கூட்டாளிக, வாக்கு, மரியாதை..."

திருமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். கெடா தூரத்தில் வேலிச் சேலையைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அவள் காதோரம் குனிந்தார். "அது எங்கய்யன்."

ராசாத்தாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப விருந்துக்கு என்னங்க பண்றது?" என்றாள்.

"அதான் தெரியலை. பேக்கரியில தலைகாட்ட முடியாது. ஊரை உட்டே போகோணும்."

"அவங்ககிட்ட என்னன்னு சொன்னீங்க? சரியாச் சொல்லுங்க."

"கெடா விருந்துன்னு சொன்னேன்."

"கறி போடறேன்னு சொன்னீங்களா?"

திருமூர்த்தி யோசித்தார். "கறிங்கற வார்த்தை வரலை."

"அப்புறம் என்னங்க? கெடாவும் இருக்குது. விருந்தும் போட்டுப்போடலாம்." பந்தல் முடிச்சை இறுக்கினாள். "மேக்கால பலாமரத்துல காய் தொங்குது. நாளைக்கு ஏறிப் பறிச்சுக் குடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மத்ததை அவள் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செய்தது எல்லாம் திருமூர்த்தி. பலாக்காயின் பாலில் கை இரண்டும் ஒட்டிக்கொள்ள, தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி அரிந்தார். சின்ன வெங்காயம் உரித்து அழுதார். தேங்காய் துருவினார். இடியாப்பம் மாதிரியான சந்தகையைப் பிழியும் கட்டையை அழுத்தி அழுத்தி முதுகுப் பிடிப்பு தானாகவே விட்டுப்போனது.

விருந்து நாளன்று கூட்டாளிகள் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். குண்டாவிலிருந்து பட்டையும் கிராம்பும் மணந்தன. மூக்கை உறிஞ்சியபடி லட்சுமணசாமி கட்டிலில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் கீரைப்பாத்திப் பக்கமிருந்து கெடா மெதுவாக நடந்து வந்தது.

லட்சுமணசாமி அதைப் பார்த்தார். குண்டாவைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"ஏப்பா மூர்த்தி. கெடா இங்க நிக்குது. அப்ப குண்டாவுல வேகறது யாரு?"

"பலாக்கா" என்றார் திருமூர்த்தி.

எங்கோ ஒரு மயில் மட்டும் அகவியது.

"பலாக்காயா? கெடா விருந்துன்னு சொன்னியேப்பா!"

"சொன்னேன். ஆனா இவரை வெட்ட முடியாது." திருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவரு எங்கய்யன்."

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும். பேக்கரியில் சிரித்ததைவிடப் பலமாகச் சிரித்தார்கள். லட்சுமணசாமி கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார். கெடா நேராக அவரிடம் போனது. தன் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தது அதற்குப் பிடிக்கவில்லை. தாடியைத் தூக்கி, அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது.

"க்க்ஹூம்."

லட்சுமணசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. சிறுவயதில் அவர் அந்தத் தோட்டத்தில் இளநீர் திருடியிருக்கிறார். மரத்தின் உச்சியில் இருக்கும்போது கீழேயிருந்து அந்த இருமல் கேட்டிருக்கிறது. மரத்திலிருந்து எப்படி இறங்கினார் என்பது இன்றைக்கும் அவருக்கு ஞாபகமில்லை. நெஞ்சுத்தோல் மட்டும் உரிந்திருந்தது.

அவர் மெதுவாகக் கட்டிலிலிருந்து எழுந்தார். மடித்துக் கட்டிய வேட்டியைக் கீழே இறக்கிவிட்டார்.

"நல்லாருக்கீங்களா மாமா?" என்றார்.

கெடா கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. பாயில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார்கள்.

"இலை போட்டாச்சுங்க, உக்காருங்க" என்று ராசாத்தாள் கூப்பிட்டாள். "தலைவாசல் பக்கம் அவருக்கும் ஒரு இலை போட்டுருங்க."

அவருக்கும் ஒரு இலை போட்டார்கள். அவர் இலையை முதலில் தின்றார். பரிமாறியதை அப்புறம் தின்றார்.

பலாக்காய் பிரியாணியில் கைவைத்த கூட்டாளிகள் முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். இரண்டாவது வாய்க்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வாய்க்குப் பிறகு யாரையும் பார்க்க நேரமில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, கத்திரிக்காய்க் கடைசல், நெய்யில் மிதக்கும் ஒப்புட்டு போளி, வெட்டி வைத்த மாம்பழம், கடைசியில் கருவேப்பிலை போட்ட மோர். "கறியே தோத்துது போ" என்று ஒருவர் விரலைச் சப்பினார். பெல்ட்டைத் தளர்த்தியது வீண்போகவில்லை.

கை கழுவும்போது வானம் திடீரென்று கறுத்தது. மேற்கேயிருந்து மண்வாசம் முன்னால் வந்தது. கோடைமழை பின்னால் வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் கட்டுத்தரைக்குள் ஓடினார்கள். புதுக்கீற்றில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சிந்து மாடு, கன்றுக்குட்டி, கோழிகள், வயிறு முட்டிய கூட்டாளிகள், நடுவில் கெடா. மழை அடித்து ஊற்றியது. சீட்டுக்கட்டு எடுத்து வந்திருந்த ஆள் கெடாவைப் பார்த்துவிட்டு அதை வெளியில் எடுக்கவில்லை. பழைய கதைகளைப் பேசி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். திருமூர்த்தி சேற்றில் நனைந்துகொண்டே கத்திரிப்பாத்திக்கு வாய்க்கால் வெட்டிவிட்டார். யாரும் சொல்லவில்லை. அவருக்கே செய்யத் தோன்றியது. அத்தனை சந்தோஷமான நாள் அந்தத் தோட்டத்தில் நடந்து ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

வைகாசி பிறந்தது. ஒருநாள் காலையில் லட்சுமணசாமி வேலியைத் தாண்டி வந்தார். மூஞ்சி சரியில்லை.

"மூர்த்தி, ஒரு சந்தேகம். எங்கூட்டுல ஒரு சேவல் இருக்குதல்ல, ஞாயித்துக்கெழமை அதை அடிச்சுக் கொழம்பு வெக்கச் சொன்னேன். மறுநாள்லயிருந்து சென்னியம்மா அதை வாங்க போங்கன்னு கூப்பிடறா. அது என்னைப் பார்த்துத் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்குது. நானும் நேத்துப் பொழுதோட வரைக்கும் அதை எங்க மாமனாருன்னே நெனச்சுட்டிருந்தேன்."

"இருக்கும்" என்றார் திருமூர்த்தி அனுதாபத்தோடு.

"என்ன இருக்கும்? இன்னிக்கு வெடியால ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில கையும் களவுமாப் புடிச்சுப்போட்டேன். உக்காந்து அதைப் பழக்கிட்டிருக்கறா! இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டா, ராசாத்தாளக்காங்கறா. வெத்தலைக்குள்ள கடலைப்புண்ணாக்கை மடிச்சு வெச்சுப் பழக்குனா ஆடு அகத்தியைத் தொடாதாமா. கட்டல் கயித்துல உப்புத்தண்ணி தெளிச்சா நக்கிக்கிட்டே ஏறிப் படுத்துக்குமாமா."

"அந்த இருமலு?"

"அதுல அக்காளுக்குச் சம்பந்தமே இல்லையாமா. ஆட்டுச் சளி."

திருமூர்த்தி விருட்டென்று தோட்டத்துக்குள் போனார். ராசாத்தாள் பீர்க்கங்காய் பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கெடா நின்றது.

"ராசாத்தி! எங்கய்யனை வெச்சா வெளையாட்டுக் காட்டுன? செத்துப்போன மனுசனை ஆடுன்னு சொல்லி என்னை ஏமாத்துவியா நீ?"

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்றாள் அவள் நிதானமாக.

திருமூர்த்தி வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தார். தொட்டியடி, கட்டிலடி, கட்டுத்தரை என்று ஒவ்வொரு இடமாக நினைவில் போய் நின்று தேடினார். அவள் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அவரேதான்.

"அப்ப அவரு அவருன்னு சொன்னது யாரை?"

"ஏனுங்க, கண்ணாலம் ஆன நாள்லயிருந்து இந்த வாயில 'அவரு'ன்னு நான் ஒருத்தரைத்தானுங்களே சொல்றேன்." பீர்க்கங்காயைக் கூடையில் போட்டாள். "நீங்க வெட்டறேன்னதும் நிமிந்து அது மொகத்தைப் பார்த்தேன். தீனின்னா மொத ஆளா வந்து நிக்கறது, வேலைன்னா கட்டல்ல ஏறிப் படுத்துக்கறது, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் முட்ட வாரது. அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருந்துச்சு. உங்களைப் போயி எப்படீங்க வெட்டிக் கொழம்பு வெக்கறது? மனசு கேக்கலீங்க."

திருமூர்த்திக்குக் கோபம் வந்தது. கூடவே என்னவோபோல இனிப்பாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

"என்னையும் அதையும் ஒண்ணாச் சேர்த்துப்போட்டியா?" என்றார் கடைசியில்.

"சேச்சே, வித்தியாசம் இல்லாமலாங்க?" என்றாள் ராசாத்தாள், கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. "அவருக்குக் கொம்பு இருக்குதல்லங்க."